ரெசின் மேடமும் வெளியேறும் தொகுதியும்

விருந்தினர்கள் "அப்ப நாங்க கிளம்பறோம்" என்று சொன்னதும், ரெசின் மேடம் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். வாய் விடைபெற்றுக்கொண்டிருக்கும்போதே கால் செருப்பைத் தேடுகிறதா, அல்லது நாற்காலியின் காலைச் சுற்றிக்கொண்டு இன்னும் சுகமாகச் சாய்கிறதா என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. பார்த்து முடித்தபின், கணவரின் பக்கம் திரும்பி, ஆய்வுக்கூட முடிவை அறிவிக்கும் குரலில் ஒரே சொல்லைச் சொல்வார். "அயோடைடு" என்றால், வந்தவர் இன்னும் சற்று நேரத்தில் தெருமுனையைத் தாண்டியிருப்பார். "ஃபுளோரைடு" என்றால், கணவர் எழுந்துபோய் மறுபடியும் தேநீருக்குத் தண்ணீர் வைக்க வேண்டியதுதான். விருந்தினர்களில் சிலர் அதை ஏதோ மருந்தின் பெயரென்று எண்ணி, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று அக்கறையோடு விசாரிப்பதும் உண்டு. விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஃபுளோரைடு.

பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றின் ரெசின் பிரிவில் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அவர். பெயிண்டுக்குப் பளபளப்பையும் பிடிப்பையும் தருவது ரெசின் எனப்படும் பிசின். எண்ணெயையும் கிளிசரினையும் அமிலத்தையும் மாடி உயரக் கொப்பரை ஒன்றிலிட்டுக் காய்ச்சி எடுப்பது அது. காய்ச்சுவது கொப்பரைக்காரரின் வேலை. காய்ந்தது போதுமா, போதாதா என்று சொல்வது மேடத்தின் வேலை. நீண்ட கரண்டியில் மாதிரி வரும். ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டின்மேல் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பிறகு இன்னும் சிறிதைக் குடுவையில் கரைத்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் தோன்றி நிலைக்கும்வரை கண்ணிமைக்க மாட்டார். அந்த நேரத்தில் மேலாளரே வந்து நின்றாலும் பதில் ஒன்றுதான்: "இருங்க, பிங்க் வரட்டும்." வீட்டிலும் அதே பழக்கம். எதையாவது அவசரமாகக் கேட்டால், ஒரு கையை மட்டும் உயர்த்தி, "பிங்க் வரட்டும்" என்பார். இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பது பொருள்.

அயோடைடு, ஃபுளோரைடு என்று அவர் ஆட்களைப் பிரிப்பதற்கு அடிப்படையானது, கரிம வேதியியலின் ஒரு கலைச்சொல்: வெளியேறும் தொகுதி. மேடத்தின் பேச்சில் அது "லீவிங் குரூப்". ஒரு மூலக்கூறில் ஒட்டியிருக்கும் அணுவோ அணுக்கூட்டமோ, தன்னைப் பிணைத்திருந்த இரண்டு எலக்ட்ரான்களையும் கையோடு எடுத்துக்கொண்டு பிரிந்து போகுமானால், அதற்கு அப்பெயர். இதில் நல்லது, மோசம் என்ற பாகுபாடு உண்டு. அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. போகத் துடிப்பது நல்ல தொகுதி அன்று. போன பிறகு யார் தோளிலும் சாயாமல், எடுத்துச் சென்ற சுமையைத் தானே சுமந்துகொண்டு, தனியே நிற்கத் தெரிந்தது எதுவோ, அதுவே நல்ல தொகுதி. அயோடைடு அப்படிப்பட்டது. ஃபுளோரைடுக்கு அந்தத் திராணி போதாது. அதனால்தான் பிடித்த இடத்தை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வேதியியல் அறியார். ஆயினும் நெடுநாள் இல்லறத்தில் இச்சொல் அவர் நாவிலும் ஒட்டிக்கொண்டது. கண்ட இடத்தில் எல்லாம் வீசுவார். ஒருமுறை, காப்பீட்டு முகவர் ஒருவரை வாசற்படியிலேயே மடக்கி அனுப்பிவிட்டு உள்ளே வந்து, "பாத்தியா, நல்ல லீவிங் குரூப்!" என்றார் பெருமையாக.

"அது லீவிங் குரூப் இல்லீங்க. நீங்க கதவைச் சாத்தினீங்க, அவர் போயிட்டார்."

"ரெண்டும் ஒண்ணுதானே? ஆள் போயாச்சு."

"ஒண்ணு இல்ல. துரத்தினது திரும்பி வரும். லீவிங் குரூப் தானா போகும். போன இடத்துல சந்தோஷமா இருக்கும்."

மறுநாள் முகவர் திரும்பி வந்தார். கணவர் இப்போது இரண்டு பாலிசி வைத்திருக்கிறார்.

குளியலறையை விட்டால், அவர்கள் வீட்டில் மெய்யாகவே மூடும் கதவு முன்னறைக்கு மட்டும் உண்டு. படுக்கையறைக் கதவு மழையில் உப்பிச் சட்டத்துக்குள் அடங்க மறுத்துவிட்டது; சமையலறைக்குக் கதவே கிடையாது. முன்னறையில் தெருவைப் பார்த்த ஜன்னலும் உண்டு. அங்கே இருந்த மகன், வேலை கிடைத்து வேற்றூருக்குப் போனான். பெட்டியைத் தூக்கிய வேகத்தைப் பார்த்து, "இவன் அயோடைடுக்கும் மேல" என்று சொல்லிவிட்டு, மேடம் சற்று நேரம் மூக்கைச் சிந்தினார். பிறகு கணவரிடம் அறிவித்தார்:

"இனிமே அந்த ரூம் எனக்கு."

"உனக்கா? எதுக்கு?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. உள்ள போயி, கதவைச் சாத்திட்டு, உக்காரப் போறேன்."

"உக்காந்து?"

"அவ்வளவுதான்."

தையல், படிப்பு, மூச்சுப் பயிற்சி என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருந்தால் கணவர் தலையாட்டியிருப்பார். சும்மா இருப்பதற்கு ஓர் அறை என்பது அவருக்குச் செரிக்கவில்லை. ஆனால் மேடத்தின் கணக்கு வேறு. தொழிற்சாலையில் எப்போதும் யாராவது ஒருவர் சோதனை முடிவைக் கேட்டு முதுகுக்குப் பின்னால் நிற்பார். வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் துண்டு எங்கே, சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்பார். மூடிய கதவொன்றின் உட்புறத்தை அவர் குளியலறையில் மட்டுமே கண்டிருக்கிறார், அங்கும் கணவர் வந்து தட்டி, "கத்தரிக்கோல் எங்க?" என்பார்.

மகனுடைய கட்டிலை ஓரமாகத் தள்ளி, ஜன்னலருகே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார் மேடம். அன்று மாலையே வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பெட்டிக்குப் பின்னால் கணவரின் அண்ணன்.

மின்தூக்கிகளைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி காலமானபின் உணவகச் சாப்பாட்டில் காலம் தள்ளி, வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவர். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேம்மா" என்று சொல்லிக்கொண்டே முன்னறைக்குள் நுழைந்தார். ஜன்னலோரத்தைப் பார்த்ததும் நெகிழ்ந்துபோனார். "எனக்காக நாற்காலியெல்லாம் போட்டு வெச்சிருக்கியே!" என்று அதில் அமர்ந்தார்.

வாரம் மாதமாயிற்று, மாதம் மாதங்களாயிற்று. அண்ணனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பெரிய குறை. தட்டைத் தாமே கழுவுவார். துண்டைத் தாமே உலர்த்துவார். வானொலியைத் தாழ்வாகவே வைப்பார். அறையைக் காலி மட்டும் செய்ய மாட்டார். தந்தையை இழந்த தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவரே, ஆகவே, "எப்போ கிளம்பறீங்க?" என்ற கேள்வி தம்பியின் தொண்டைவரை வந்து, இருமலாக மாறித் திரும்பிவிடும்.

மேடம் முறைப்படி இறங்கினார். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்; இரண்டை மாற்றினால், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். இது ஆய்வுக்கூட விதி. முதலில் வெப்பம். வெப்பம் ஏறினால் பிணைப்பு தளரும். முன்னறை மின்விசிறி திடீரென்று 'பழுதாயிற்று'. சில நாள் கழித்து அண்ணன் மலர்ந்த முகத்தோடு வந்தார். "முட்டி வலி போயே போச்சும்மா! விசிறிக் காத்துதான் எனக்கு ஆகலைன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

அடுத்தது நெருக்கடி. பருத்த தொகுதிகள் பக்கத்தில் நெருக்கினால், ஒட்டியிருப்பது இடம் போதாமல் விலகும். வண்ண அட்டைகள் அடைத்த பழைய பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்து முன்னறையை நிரப்பின. மறுநாள் பார்த்தால், அவை எடைவாரியாகச் சுவரோரம் அடுக்கப்பட்டு, நடைபாதை ஒழுங்கு செய்யப்பட்டு, உச்சியில் வானொலி வீற்றிருந்தது. "இந்த ரூம் இன்னும் எட்டுப் பெட்டி தாங்கும்மா. தயங்காம கொண்டு வா" என்றார் ஆய்வாளர்.

மூன்றாவது, கரைப்பான், அதாவது, மூலக்கூறு மிதக்கும் சூழல். சாப்பாட்டில் உப்பும் காரமும் மறைந்தன. கணவர் முதல் கவளத்திலேயே மனைவியை முறைத்தார். அண்ணனுக்கோ கண் கலங்கியது. "வயித்துப் புண்ணுக்கு இப்படித்தான் சாப்பிடணும்னு டாக்டர் தலையால அடிச்சிக்கிட்டார். ஒருத்தரும் செஞ்சு போடலை. நீ போடறே."

கணவர் சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார். "அவர் போற மாதிரி தெரியலை. இப்படியே போனா நான்தான் போவேன்."

"உங்களுக்கு எங்க போகத் தெரியும்? நீங்க ஃபுளோரைடு" என்று சொல்லி, மேடம் உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினார்.

தொழிற்சாலையில் இக்கதையைக் கேட்ட கொப்பரைக்காரர், "பேசாம வாயைத் திறந்து சொல்லிடுங்களேன் மேடம்" என்றார். "சொல்லி அனுப்பினா அது துரத்தல்" என்று மேடம் ஒரே போடாகப் போட்டுவிட்டார். கொள்கை ஒருபுறம் இருக்க, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை என்பதே உண்மை.

ஒரு விடுமுறை நாளில் கணவனும் மனைவியும் வெளியே போய்ப் பொழுது சாயும் வேளையில் திரும்பினார்கள். முட்டை, பால், காய், ரொட்டி எல்லாம் அண்ணனுக்காக எடுத்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார் மேடம். ரொட்டி மட்டும் தீர்ந்திருந்தது. அடுப்பருகே எரிந்த தீக்குச்சிகள் சில, ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன.

"சாப்பிடலையா மாமா?"

"பசியில்லம்மா." வயிறு உடனே மறுப்புத் தெரிவித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அடுப்பைப் பத்த வெச்சேன். பத்திக்கிச்சு. உடனே அணைச்சிட்டேன்."

"ஏன்?"

"அதுக்கு மேல என்ன செய்யணும்னு தெரியலையே! அவ இருந்தவரைக்கும் நான் சமையல்ரூம் பக்கம் போனது தண்ணி குடிக்கத்தான்."

மேடம் முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினார். அண்ணன் உண்டு முடித்து அறைக்குப் போனதும், நெற்றியில் அறைந்துகொண்டார்.

"தப்பா வகை பிரிச்சிட்டேன். அவர் ஃபுளோரைடு இல்லீங்க. ஹைட்ராக்சைடு."

"அது இன்னும் மோசமா?"

"மோசம்தான். ஆனா அதுக்கு வழி இருக்கு. ஹைட்ராக்சைடு தனியா போகாது. தனியா நிக்கத் தெம்பு இல்ல. ஒரே ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கையில கொடுத்தா, தண்ணியா மாறிடும். தண்ணி யாரையும் நம்பி இல்ல, போயிடும். இத்தனை நாளா அவர்கிட்டேருந்து எடுக்கத்தான் பாத்தேன். விசிறியை எடுத்தேன், இடத்தை எடுத்தேன், உப்பை எடுத்தேன். கொடுக்கணும்னு தோணவே இல்ல."

"என்னத்தைக் கொடுக்கப் போறே?"

"சமையல்."

மறுநாள் மாலை பாடம் தொடங்கிற்று. சமையல் சொல்லிக்கொடுப்போர் வழக்கமாகச் சொல்லும் 'கொஞ்சம்', 'பதமா', 'ஒரு கை' ஆகிய சொற்களுக்கு அந்த அடுப்படியில் இடமில்லை. அளவுக்குழாய், வெப்பமானி, நிறுத்துகடிகாரம் மூன்றும் மேடையேறின. அப்படியும் ஓரிடத்தில் மாணவர் இடறினார்.

"வெங்காயம் நிறம் மாறற வரைக்கும் வதக்கணும்னு சொல்றியே, எந்த நிறம்?"

வேறொருவராக இருந்தால் எரிந்து விழுந்திருப்பார். மேடத்துக்கோ, தம் வாழ்நாளில் யாரும் கேட்காத நல்ல கேள்வியைக் கேட்டுவிட்ட மகிழ்ச்சி. முன்னறைக்கு ஓடி, பெட்டியொன்றைப் பிரித்து, வண்ண அட்டை ஒன்றைக் கொண்டுவந்து வாணலிக்குமேல் பிடித்தார். சிறு சிறு கட்டங்களாக நிறங்கள். ஒவ்வொன்றின் கீழும் கம்பெனி வைத்த பெயர்.

"இதோ, 'மணற்குன்று'. இது வந்ததும் தக்காளி போடுங்க. இதுக்கு அடுத்தது 'பழைய தேக்கு'. அங்க போயிட்டா, கீழ கொட்ட வேண்டியதுதான்."

முதல் வாரம் முழுவதும் குடும்பம் பழைய தேக்கையே உண்டது. கணவர் ஆராய்ச்சிக்குத் தன்னைத் தந்துவிட்டவர் போல மென்றார். பிறகு ஒருநாள் மாலை, "மணற்குன்று வந்தாச்சும்மா!" என்று ஒரு முழக்கம் கேட்டது. அன்று முதல் அந்த அடுப்படியின் நிலைமையே மாறிவிட்டது. அண்ணன் பிரஷர் குக்கரைக் கையில் எடுத்து, மின்தூக்கியைப் பார்க்கும் கண்ணால் பார்த்தார். "இந்த வால்வைக் கடைசியா யார் சோதிச்சது?"

"யாரும் சோதிக்கலை மாமா."

"இத்தனை வருஷம் இதை நம்பியா சாப்பிட்டீங்க?" என்று அதிர்ந்து, அதைப் பிரித்து, துடைத்து, புது வளையம் போட்ட பிறகே அடுப்பிலேற்றினார்.

உருளைக்கிழங்கு அவர் கையில் பொன்னாகியது. மீன், முள்ளைத் தானே கழற்றிக் கொடுப்பது போல வெந்தது. கணவருக்கு இடுப்புப் பட்டையில் புதிய துளை வேண்டியதாயிற்று. இருப்பதிலேயே சிறந்த அயோடைடு என்று பெயரெடுத்திருந்த அடுத்த வீட்டு அம்மாள், சர்க்கரை வாங்க வந்தவர், "என்ன வாசனை இது?" என்று உட்கார்ந்தார். மேடம் அவர் காலைப் பார்த்தார். கால் நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. ஒரு தனிமம் கண்ணெதிரே மாறுவதை அன்றுதான் கண்டார்.

வேலை முடிந்து வந்தால் சூடான சாப்பாடு. பாத்திரம் கழுவியிருக்கும். அந்த வாரங்களில் மேடம் முன்னறையை மறந்துவிட்டார் என்று சொன்னால் பொய்; ஆனால் நினைவு வந்தபோதெல்லாம் வாயில் ஏதாவது இருந்தது.

இந்நிலையில்தான், ஒருநாள் மீனைப் பரிமாறிக்கொண்டே அண்ணன் வெடியைப் போட்டார்.

"ஒரு நல்ல செய்தி. என் வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஒரு குடும்பம் பாக்க வருது. அங்க போயி நான் யாருக்குச் சமைக்கப் போறேன்? இனிமே இங்கேயே இருந்து உங்களுக்கு ஆக்கிப் போட்டுடறேன்."

கணவரின் முகம் விளக்குப் போட்டது போல ஒளிர்ந்தது. மனைவியைப் பார்த்ததும் அணைந்தது. "அதுக்கு என்ன அவசரம் அண்ணே..." என்று இழுத்தார். இழுக்கும்போதே கை இன்னொரு துண்டு மீனை எடுத்தது.

மேடம் கையை உயர்த்தினார். "பிங்க் வரட்டும்."

"எது பிங்க்? மீன் வேகலையா?" என்று பதறினார் அண்ணன்.

உண்டபின் மேடம் முன்னறை வாசலில் போய் நின்றார். ஜன்னலோர நாற்காலியில் அண்ணனுடைய துண்டு மடித்துக் கிடந்தது. அந்த நாற்காலியில் மேடம் இதுவரை ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் சரி என்று சொல்லிவிட்டால், இனி உட்காரப் போவதுமில்லை. போகச் சொல்லலாம். சொன்னால், அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டு குழந்தை போல் குதூகலிக்கும் ஒரு மனிதரைத் துரத்தியதாகும். ஆனால், கோட்பாட்டின்படி அவர் போயிருக்க வேண்டுமே! ஹைட்ராக்சைடு தண்ணீராக மாறிவிட்டது; பிறகு ஏன் உள்ளேயே கிடக்கிறது?

விடை மறுநாள் கொப்பரையடியில் கிடைத்தது. காய்ச்சும்போது உள்ளே உண்டாகும் தண்ணீர், ஆவியாக மேலேறி, குளிர்ந்து, கண்ணாடி பதித்த பாத்திரமொன்றில் வந்து விழும். மேடம் அந்தக் கண்ணாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கொப்பரைக்காரர் அருகில் வந்தார்.

"என்ன மேடம், தண்ணியை இப்பதான் புதுசா பாக்கறீங்களா?"

"தண்ணியா மாத்தினா மட்டும் போதாது. அப்பப்ப வெளிய எடுக்கணும். உள்ளேயே விட்டா, திரும்பிப் போயி ஒட்டிக்கும்."

"அது தெரிஞ்சதுதானே மேடம்?"

"இங்க தெரிஞ்சுது. வீட்ல மறந்துட்டேன்."

தண்ணீர் தனியே வெளியே வருவதில்லை என்பதையும் அவர் அன்றுதான் கவனிப்பது போலக் கவனித்தார். கொப்பரையில் அதற்கென்றே சைலீன் என்னும் கரைப்பானைச் சேர்ப்பார்கள். அது தண்ணீரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மேலேறும். இரண்டும் சேர்ந்தே குளிரும், சேர்ந்தே விழும். விழுந்த இடத்தில் தண்ணீர் அடியில் தங்கிவிடும். சைலீன் மட்டும் மிதந்து, வழிந்து, வந்த வழியே கொப்பரைக்குத் திரும்பிவிடும்.

அன்று மாலை மேடம் வெகு இனிமையாகப் பேசினார். "வீடு பாக்க வர்றவங்க ஒட்டடையைப் பாத்தா என்ன நினைப்பாங்க மாமா? வெள்ளிக்கிழமையே போயி, சுத்தம் பண்ணி, அடுப்பை மூட்டி, ரெண்டு நாள் புழங்கி வெச்சாத்தான் வீடு வீடா இருக்கும். வந்தவங்களுக்கும் ஏதாவது செஞ்சு கொடுங்க. தம்பியையும் துணைக்குக் கூட்டிட்டுப் போங்க."

அண்ணன் மகிழ்ந்துபோனார். தம்பி சமையலறைவரை மனைவியைப் பின்தொடர்ந்தார்.

"நான் எதுக்கு? கடையை யார் பாப்பா?"

"நீங்கதான் சைலீன்."

"அப்படின்னா?"

"கூடப் போயி, விட்டுட்டு, திரும்பி வர்றவர்."

கணவர் சற்று யோசித்தார். "சாப்பாடு அவர் கையாலதானே?"

"ஆமா."

"திரும்பி வர்றது கட்டாயமா?"

வெள்ளிக்கிழமை சகோதரர்கள் இருவரும் டாக்சியில் ஏறினார்கள். அண்ணன் குக்கரை மடியில் வைத்துக்கொண்டார். தம்பியின் சட்டைப்பையில் வெப்பமானி. "ரெண்டு எலக்ட்ரானும் போகுது" என்று மேடம் முணுமுணுத்தார். வண்ண அட்டையைத் தாமே ஓடிப்போய் எடுத்துவந்து, ஜன்னல் வழியாக நீட்டினார். அண்ணனின் உடுப்புகளும் வானொலியும் முன்னறையிலேயே இருந்தன. அதாவது, எதுவும் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு நாளும் மேடம் அந்த அறைப் பக்கம் போகவில்லை. பிங்க் வராமல் அளவைப் படிப்பது அவர் வழக்கமன்று.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் கடந்து தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் கணவர், ரகசியக் குரலில்:

"வந்தாங்க, பாத்தாங்க. ஹாலைப் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. படுக்கற ரூமைப் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. அந்தம்மா சமையல்ரூமுக்குள்ள போயி, அடுப்பை ஜன்னல் பக்கம் மாத்திட்டு, அந்த அலமாரியைப் பிடுங்கிடலாம்னாங்க. அவ்வளவுதான். அண்ணன் கரண்டியோட எழுந்து நின்னுட்டார்."

"எந்த அலமாரி?"

"அண்ணி டப்பா அடுக்கி வெச்ச அலமாரி. அவங்க வெச்ச வரிசையிலேயே அப்படியே இருக்கு. இந்த ரெண்டு நாளா ஒவ்வொண்ணா திறந்து, மோந்து பாத்து, திரும்ப அதே இடத்துல வெச்சிட்டிருந்தார். 'இது புழங்கற சமையல்ரூம், இதை விடறதா இல்ல'ன்னுட்டார். வந்தவங்களுக்கு முட்டையும் கிழங்கும் வயிறு முட்டப் போட்டுத்தான் அனுப்பினார். இரு, உன்கிட்டப் பேசணுமாம்."

அண்ணனின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அம்மா... கோவிச்சுக்காதே. உங்களுக்கு ஆக்கிப் போடறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். ஆனா இங்க அடுப்பை மூட்டினதும் விட்டுட்டு வர மனசு வரலைம்மா. ரூமைக் காலி பண்ணிடட்டுமா?"

"கோவம் எதுக்கு மாமா? உங்க வீடு, உங்க அடுப்பு" என்றார் மேடம். "வயித்தைப் பாத்துக்குங்க. உப்பு குறைச்சலா போடுங்க."

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் இங்க சாப்பிட வந்துடணும். சொல்லிட்டேன்."

மறுபடியும் கணவர். "இந்தா, மத்தியானம் மீன் வெச்சிருக்கார். நாளைக்கு வேற என்னமோ செய்யறாராம். நான் இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமா? கடைக்கு லீவு போர்டு மாட்டியாச்சு."

"நாலு நாள் இருங்க" என்றார் மேடம். "அவசரமே இல்ல."

தொலைபேசியை வைத்துவிட்டு, வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார், பூட்டியிருந்தது. முன்னறைக்குள் போனார். நாற்காலியிலிருந்த துண்டை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, உட்கார்ந்தார். தெருவில் ஒருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எதிர்வீட்டு மாடியில் ஒரு பூனை சுவரின்மேல் நடந்தது. வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை, துண்டு எங்கே என்று கேட்பாரில்லை, வருவதற்கும் ஆளில்லை. மேடம் சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்துபோய், முன்னறைக் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, திரும்பி வந்து அமர்ந்தார்.